முதுகு நீலம்

ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர்.
புல் கறைக்கு வினிகர், அரை மணி நேரம் ஊற வேண்டும்.
சேற்றைக் காயவிட்டு உதற வேண்டும்.
ஈரத்தில் தேய்த்தால்
நூலுக்குள் போய்க் குடியேறிவிடும்.
பத்தொன்பது வருடமாக
இதுதான் என் ஆட்ட வியூகம்.

நான் ஆட்டம் பார்ப்பதில்லை.
நெப்ராஸ்கா குளிரில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.
பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில்,
கொதிகலனுக்குப் பக்கத்தில்,
இரண்டு இயந்திரங்களும் நானும்.
மேலே ஜனங்கள் துள்ளி எழுந்தால்
கூரையோரக் குழாய் அதிரும்.
இந்த வருடம் குழாய் நன்றாகத் தூங்கியது.

ஸ்கோரை யாரும் எனக்கு வந்து சொல்ல வேண்டியதில்லை.
எங்கள் மைதானத்தின் இரண்டு முனையிலும்
கடைசிப் பத்து கஜத்துக்கு நீலச் சாயம் அடித்திருக்கும்.
பந்தோடு அங்கே போய் விழுந்தவனுக்கு
நெஞ்சில் நீலம், முழங்கையில் நீலம்.
தடுக்கப் போய் மல்லாந்தவனுக்கு
முதுகில்.

செப்டம்பர் முதல் நான் தேய்த்ததெல்லாம்
முதுகு.

முப்பத்தெட்டுக்கு மூன்று.
இருபத்தேழுக்கு ஒன்றுமில்லை.
வெளியூரில் ஒருமுறை, யாருடையதோ சிவப்புச் சாயம்
ஓக்லியின் முழங்காலில் வந்தது.
அதைப் பார்க்க மூன்று பையன்கள்
சலவை அறைக்கே இறங்கி வந்தார்கள்.
அந்த ஆட்டமும் தோல்விதான்.

ஏழாவது வாரம் கோச் ட்வெட் வந்தார்.
கல்லூரியிலேயே கதகதப்பான இடம் இதுதான் என்றார்.
பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.
சுழல்கிற துணிகளைப் பார்த்து,
"அடுத்த வாரம் வேற மாதிரி" என்றார்.
இயந்திரம் பதில் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
அவர் கால்சட்டையில் காப்பி சிந்தியிருந்தது.
அதற்கும் குளிர்ந்த தண்ணீர்தான்.

நாற்பத்து நான்காம் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
ஏமோஸ் விட்டெக், முதல் வருடம்,
சோளக் காட்டுப் பக்கத்துப் பையன்,
கழுத்து இன்னும் சட்டைக்குப் போதவில்லை.
முதல் நான்கு வாரம் அவன் உடுப்பு
போன மாதிரியே திரும்பி வந்தது, மடிப்புக் கலையாமல்.
ஐந்தாவது வாரம் முழங்காலில் சேறு.
ஆறாவது வாரமும்.

ஆனால் விழுந்தவன் சேறு சாய்வாக இழுபடும்,
புல்லையும் கூட்டிக்கொண்டு வரும்.
இது வட்டமாக இருந்தது,
இரண்டு முழங்காலிலும் ஒரே அளவில்.
பெஞ்சுக்குப் பின்னால், யாரும் பார்க்காத நேரத்தில்
அவனாகப் போய் மண்டியிட்ட வட்டம்.
கூடையில் மற்றவர்கள் துணி மேல் போடும்போது
தன்னுடையது மட்டும் வெள்ளையாக இருக்கக் கூடாதே.

உதறினேன், ஊறவைத்தேன், அலசினேன்.
மற்ற சேற்றுக்குச் செய்ததையெல்லாம்
அதற்கும் செய்தேன்.

நவம்பரில் கடைசி ஆட்டம், உள்ளூரில்.
பனி தூறலாக ஆரம்பித்தது.
தானியக் கிடங்கின் விளக்கு மூன்று மணிக்கே எரிந்தது.
குழாய் ஒரே ஒரு தடவை அதிர்ந்தது.
ஓக்லிதான் என்று பிறகு தெரிந்தது.
அதற்குமேல் உதைத்த ஒற்றைப் புள்ளி
கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டதாம்.
நாற்பத்தொன்றுக்கு ஆறு.
பத்தில் பத்தும் போனது.

பையன்கள் சட்டைகளை எறிந்துவிட்டுப் போனார்கள்.
ஒருவன் அழுதான், ஒருவன் பீட்சா பற்றிப் பேசினான்.
கூடை காலியான இடத்தில்
ஏமோஸ் மட்டும் நின்றான், சட்டையைக் கையில் சுருட்டியபடி.

வாங்கி விரித்தேன்.
தோளிலிருந்து இடுப்பு வரை, சாய்வாக,
புல்லும் பனியும் சேர்ந்து இழுபட்ட
நீலம்.
முதுகில்.

கடைசி நான்கு நிமிடம் இறக்கினார்களாம்.
எதிரணியின் நூற்றிருபது கிலோ ஒன்று
இவன் மேலேயே நடந்து போய்ப் புள்ளி எடுத்ததாம்.
மூக்கு வீங்கியிருந்தது.
முழங்கால் இரண்டும் சுத்தம்.

"இது போயிடுமா, மிஸஸ் கூபிக்?" என்றான்.

"போயிடும்.
போகாத கறை எதுவும் இங்கே வந்ததில்லை."

கொஞ்ச நேரம் ஈரக் காலணியைப் பார்த்தான்.

"அவசரமில்லை" என்றான்.

அன்று இரவு
நாற்பத்தாறு சட்டைகளைப் போட்டு
மூடியை அழுத்தினேன்.